புன்னகைக்குப் பின்னால்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள் நம் பெரியோர். தேரை இழுக்கும் அத்தனை பேரும் ஒருவரையொருவர் நேசிப்பவர்கள் அல்லர். வாய்க்கால் தகராறு உள்ளவர்களும், பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகளும் அதே வடத்தைத்தான் பிடிக்கிறார்கள். ஆயினும் சக்கரத்திற்கு முட்டுக்கட்டை போடுகிறவர் குரல் கொடுத்தால் அனைவரும் நிற்கிறார்கள். மீண்டும் குரல் கொடுத்தால் இழுக்கிறார்கள். தேர் நிலைக்கு வந்து சேர்வது அந்த ஒழுங்கினால்தான்.

படிப்பு முடிந்து பணிக்குச் செல்லும்போது நாமும் இத்தகைய ஒரு வடத்தைத்தான் பிடிக்கப் போகிறோம். உடன் படிக்கும் தோழியரை நாம் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். உடன் வேலை செய்வோரைத் தேர்ந்தெடுக்க இயலாது. அவர்களுள் இனியவரும் இருப்பர். இடக்குச் செய்பவரும் இருப்பர். இடக்கானவரோடு எப்படி ஒத்துப்போவது என்பதை எந்தப் பாடப் புத்தகமும் நமக்குத் தனிப்பாடமாகச் சொல்லித் தருவதில்லை. அதனை விளக்க, நாம் பெரிதும் அறிந்திராத ஒரு பணியிடத்தை இங்கே எடுத்துக் கொள்வோம். அதுதான் கேளிக்கைப் பூங்கா. மற்ற இடங்களில் மனக்கசப்பை முகத்திலாவது காட்டிக் கொள்ளலாம். இங்கோ அதற்கும் வழியில்லை. இங்குள்ள பணியாளர் ஓயாது சிரித்துக் கொண்டே பிறர் உயிரையும் காக்க வேண்டும்.

மேடையும் மேடைக்குப் பின்னும்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் அனகைம் நகரில் 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் டிஸ்னிலேண்டு திறக்கப்பட்டது. கேலிச்சித்திரப் படங்களால் புகழ்பெற்ற வால்ட் டிஸ்னி அமைத்த பூங்கா அது. அங்கு வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பயிற்றுவிக்க வான் பிரான்ஸ் என்பவர் அமர்த்தப்பட்டார். டிக்கெட் கிழிப்பதும் குப்பை பெருக்குவதும் தனித்தனி வேலைகளாக இருக்கலாம். ஆனால் மக்களுக்கு மகிழ்ச்சி அளிப்பதே எல்லாருக்கும் பொதுவான வேலை என்று அவர் போதித்தார்.

அந்தப் பூங்காவிற்கென ஒரு தனிப் பேச்சு வழக்கே உருவாயிற்று. வேலையாட்களை அங்கே 'நடிகர் குழுவினர்' என்பர், பார்க்க வருவோர் 'விருந்தினர்', சீருடை 'வேடம்'. மக்கள் நடமாடும் இடம் 'மேடை'. பணியாளர் உண்ணவும் உடைமாற்றவும் இளைப்பாறவும் உள்ள மறைவிடம் 'மேடைக்குப் பின்'. பதவி எதுவாயினும் பெயர் வில்லையில் பட்டம் கிடையாது, முதற்பெயர் மட்டுமே. 1971-இல் புளோரிடாவில் டிஸ்னியின் இரண்டாவது பூங்கா எழுந்தபோது, பணியாளர் பொதுமக்கள் கண்ணில் படாமல் போய்வர நடைபாதையின் கீழே சுரங்க வழிகளையே அமைத்தார்கள்.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது, அப்பூங்காக்களில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வந்த நான்கு கட்டளைகளை. பாதுகாப்பு, மரியாதை, காட்சி, திறமை என்பன அவை. 2020-ஆம் ஆண்டில் எல்லாரையும் அரவணைத்தல் என்ற ஐந்தாவது கட்டளையும் சேர்ந்தது. இவற்றின் சிறப்பு அவை நிற்கும் வரிசையிலேயே உள்ளது. கூட்டம் சேர்ந்துவிட்டதே, விரைவாக அனுப்புவோம் என்பது திறமை. ஒரு குழந்தையின் இருக்கைப் பட்டை சரியாக மாட்டவில்லை என்றால் அந்த விரைவு தள்ளி நிற்க வேண்டும். ஏனெனில் பாதுகாப்பே முதலாவது. இரு பணியாளருக்கிடையே கருத்து வேற்றுமை எழும்போது, 'நீ பெரியவளா, நான் பெரியவளா' என்று பாராமல், 'இவற்றுள் எது முன்னே நிற்கிறது' என்று பார்த்தால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். வேலையிடத்துச் சண்டைகளுக்கு நல்ல மருந்து, இருவருக்கும் மேலாக இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு விதியே.

சண்டை ஏன் மூளுகிறது?

மகிழ்ச்சியை விற்கும் இடத்தில் மனத்தாங்கல் எப்படி வருகிறது என்று நாம் வியக்கலாம். காரணங்களை எண்ணிப் பார்த்தால் வியப்பு நீங்கும்.

விடுமுறைக் காலத்தில் கூட்டம் பெருகுவதால் பல பூங்காக்களில் அப்போதைக்கென்று ஆட்களைச் சேர்ப்பார்கள். அவர்களுள் பெரும்பாலோர் இளையோர். முதன்முறையாகச் சம்பளம் வாங்குபவர்களும் உண்டு. பல ஆண்டு அனுபவம் உள்ளவர், நேற்று வந்தவரோடு தோளோடு தோள் நிற்க வேண்டும். வெயிலிலும் இரைச்சலிலும் மணிக்கணக்காக நிற்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் கவனம் மழுங்கிவிடும் என்பதால் குறிப்பிட்ட நேரத்திற்கு ஒருமுறை இடம் மாற்றிக் கொள்வார்கள். ஒருவர் ஐந்து நிமிடம் பிந்தினால் வரிசையில் உள்ள அத்தனை பேருக்கும் பிந்தும். பண்டிகை நாளில் வீட்டார் கூடியிருக்க, இவர்கள் வேலையில் இருப்பார்கள். விடுப்பு யாருக்கு என்ற கேள்வியிலேயே பல பகைகள் பிறக்கின்றன.

இவை எல்லாவற்றிற்கும் மேலான ஒன்று உண்டு. ஆர்லி ஹாக்சைல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1983-இல் வெளியிட்ட நூலில் விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து, அதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயரிட்டார். மூட்டை தூக்குபவர் உடலை உழைப்பாகத் தருவதுபோல, புன்னகையும் பொறுமையும் காட்டிச் சம்பளம் பெறுபவர் தம் உணர்ச்சியையே உழைப்பாகத் தருகிறார். அதிலும் களைப்பு உண்டு. அந்தக் களைப்பு வெளியே தெரிவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பூங்கா ஒன்றில், பார்வையாளர் என்ன வேடிக்கை காட்டினாலும் சிரிக்காமல், அசையாமல் நிற்கும் 'சிலை மனிதரை' நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். சிரித்துக் கொண்டே நிற்பதும் அதே போன்ற நோன்புதான். நாளெல்லாம் அந்நியரிடம் அடக்கி வைத்த சலிப்பு, மேடைக்குப் பின்னே வந்ததும் அருகில் இருக்கும் தோழிமேல் கொட்டப்படுகிறது. 'எல்லாரிடமும் இனிக்க இனிக்கப் பேசுகிறாள், நம்மிடம் மட்டும் எரிந்து விழுகிறாளே' என்று நாம் நினைக்கும்போது, அவளுடைய இனிப்பு அன்றைக்குச் செலவாகிவிட்டது என்பதையும் நினைக்க வேண்டும். இது அவள் குற்றத்தை நீக்காது. ஆனால் நம் கோபத்தின் கூர்மையைக் குறைக்கும்.

பேச்சு நின்றால் வரும் ஆபத்து

கடையிலோ அலுவலகத்திலோ இருவர் பேசாதிருந்தால் வேலை கெடும். பூங்காவிலோ உயிருக்கே கேடு வரலாம். மூன்று எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாவது, ரோலர் கோஸ்டர் மேடை. வண்டி வந்து நின்றதும் இருபுறமும் நிற்கும் பணியாளர் ஒவ்வொரு இருக்கையின் பாதுகாப்புக் கம்பியையும் இழுத்துப் பார்க்கிறார்கள். பிறகு கட்டைவிரலை உயர்த்தியோ பொத்தானை அழுத்தியோ 'சரி' என்று தெரிவிக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் தெரிவித்த பிறகே இயக்குபவர் வண்டியை அனுப்பலாம். அவள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று ஒருவர் திரும்பி நின்றால், அந்தச் 'சரி' வெறும் சடங்காகிவிடும்.

இரண்டாவது, நீச்சல் குளமும் நீர்ச்சறுக்கும். உயிர்காப்பாளர் தம் பொறுப்பில் உள்ள நீர்ப்பரப்பை 10 வினாடிகளுக்குள் ஒருமுறை கண்ணால் துழாவ வேண்டும். ஆபத்தைக் கண்டால் அடுத்த 20 வினாடிகளுக்குள் அவ்விடத்தை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க நீர்ப்பூங்காக்களில் பரவியுள்ள ஒரு விதி. அடுத்த காவலர் வந்து நீரை நோக்கத் தொடங்கிய பிறகே முன்னவர் கண்ணை எடுக்கலாம். அவர் வரத் தாமதித்தாலும், இவர் வாய்ச்சண்டைக்குத் திரும்பினாலும் நீரைப் பார்க்க ஆளில்லை.

மூன்றாவது, பொம்மை வேடம். பெரிய எலியாகவும் கரடியாகவும் வந்து குழந்தைகளைக் கட்டியணைப்பவருக்கு அந்தத் தலைக்குள் பார்வை குறைவு, வெப்பம் மிகுதி. வேடத்தில் இருக்கும்போது அவர் பேசுவதும் இல்லை. ஆகவே கூடவே ஒரு துணையாளர் செல்கிறார். படியைச் சொல்வதும், முரட்டுப் பிள்ளைகளை விலக்குவதும், களைத்த குறிப்பறிந்து உள்ளே அழைத்துச் செல்வதும் அவர் கடமை. துணையாளருக்கு வேடம் அணிந்தவரைப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் வேடம் அணிந்தவரின் கண்ணும் வாயும் அவரே அன்றோ?

சொல்ல வேண்டியது சரிவரச் சொல்லப்படாவிட்டால் என்ன நேரும் என்பதை உலகம் ஒருமுறை கண்டது. இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 'ஸ்மைலர்' என்று ஒரு ரோலர் கோஸ்டர். 2015-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், ஆளில்லாமல் அனுப்பப்பட்ட வண்டி ஒன்று பாதையின் நடுவே நின்றுவிட்டது. முன்னே வண்டி நிற்பதை அறிந்த கட்டுப்பாட்டுக் கருவி, அடுத்த வண்டியைத் தானாகவே நிறுத்தி வைத்தது. கருவி செய்தது சரியே. பொறியாளர்களோ அது பொய்யான கோளாறு என்று எண்ணி, அதனை மீறி 16 பேர் அமர்ந்திருந்த வண்டியை அனுப்பினார்கள். அது நின்ற வண்டியின்மேல் மோதிப் பலர் படுகாயம் அடைந்தனர். இளம்பெண்கள் இருவர் ஆளுக்கொரு காலை இழந்தனர். 2016-இல் நீதிமன்றம் பூங்காவை நடத்திய நிறுவனத்திற்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. கருவியில் குறை இல்லை. ஒருவர் செய்வதை மற்றவர் சரிபார்க்கும் உறுதியான ஏற்பாடு இல்லாததே குறை என்று விசாரணையில் வெளிப்பட்டது. அங்கே பகைமை இருந்ததாக நாம் சொல்ல வரவில்லை. நல்லெண்ணம் உள்ளவர்களிடையே தகவல் தடைப்பட்டாலே இத்தனை கேடு என்றால், பகையினால் வேண்டுமென்றே வாயை மூடிக் கொண்டால் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கவே சொல்கிறோம்.

ஆகவே நாம் மனத்தில் பதிக்க வேண்டியது ஒன்று: பிணக்கு இருக்கலாம், பணிப்பேச்சு நிற்கக் கூடாது. தோழமையாகப் பழகுவது நம் விருப்பம். வேலைக்குத் தேவையான சொல்லை உரிய நேரத்தில், கேட்கும்படி, மரியாதையோடு சொல்வது நம் கடமை.

இன்னாரிடம் இன்னவாறு

இடக்கானவர் எல்லாரும் ஒரு வார்ப்பு அல்லர். எனவே எல்லாருக்கும் ஒரே மருந்தும் இல்லை.

காலந்தாழ்த்தி வருபவர் ஒரு வகை. அவரைப் பற்றி மற்ற பத்துப் பேரிடம் குறை சொல்வது எளிது. அவரிடமே சொல்வது அரிது. அரியதையே நாம் செய்ய வேண்டும். அதுவும் விருந்தினர் எதிரில் அன்று, தனியாக. "எப்போது பார்த்தாலும் லேட்டுதான் உங்களுக்கு" என்றால் அது குணத்தைக் குத்துவது. உடனே எதிர்வாதம் வரும். "அக்கா, நேற்றும் இன்றும் பத்து நிமிடம் பிந்தி வந்தீர்கள். அதனால் எனக்குக் கடைசிப் பேருந்து போய்விட்டது. நாளைக்கு நேரத்தோடு வந்துவிட முடியுமா, இல்லை நாம் நேரத்தை மாற்றிக் கேட்கலாமா?" என்றால் அது நடந்ததைச் சொல்வது, வழியும் காட்டுவது. ஒருவேளை அவர் கைக்குழந்தையை விட்டுவர இடமின்றித் தவிப்பவராக இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

அதிகாரம் செய்யும் மூத்தவர் இன்னொரு வகை. புதியவரை ஏவுவதே அவர் வழக்கம். அவரிடம் நாம் கற்க வேண்டியதும் நிறைய இருக்கும். எந்தக் கதவு மழையில் சிக்கிக் கொள்ளும், எந்த நேரத்தில் கூட்டம் திரளும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். முதலில் கேட்டுத் தெரிந்துகொள்பவராக நடந்தால் பலர் கனிந்துவிடுவர். ஆனால் தம் வேலையையும் நம் தலையில் கட்டினால், "அண்ணா, இதை முடித்துவிட்டு அதற்கு வரட்டுமா, அல்லது மேற்பார்வையாளரிடம் எது முதலில் என்று கேட்டு வரட்டுமா?" என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. பணிவு வேறு, அடிமைத்தனம் வேறு.

கோள் சொல்பவர் மூன்றாம் வகை. கேட்பவர் இல்லையேல் கோளுக்குக் காலே இல்லை. 'அப்படியா!' என்று வியந்தால் அடுத்த கதை வரும். "இதை அவளிடமே சொல்லிவிடலாமே" என்றால் கதை அத்துடன் நிற்கும். இன்று செல்பேசிக் குழுக்களில் எழுதுவதும் இதில் அடங்கும். வாயால் சொன்ன கோள் காற்றோடு போகும். எழுதிய கோள் சான்றாக நிற்கும்.

முன்கோபி நான்காம் வகை. அவர் கொதிக்கும்போது பதில் சொல்லாதிருப்பது கோழைத்தனம் ஆகாது. கொதிக்கும் பாலில் கைவிடுவார் உண்டோ? வேலை முடிந்து தணிந்த பின் பேசலாம். ஆனால் அந்தக் கோபத்தால் பாதுகாப்பு வேலை ஏதேனும் விடுபடுமானால், அந்த நொடியே வண்டியை நிறுத்திவிட வேண்டும். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இனியவை கூறலுக்கென்று வள்ளுவர் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை நாம் அறிவோம். இனிமை என்பது உண்மையை விழுங்குவது அன்று. உண்மையைப் பிறர் ஏற்கும் வண்ணம் சொல்வது. இரண்டு முறை தனியே சொல்லியும் பயனில்லை என்றால் மேற்பார்வையாளரிடம் செல்லலாம். அப்போது நாள், நேரம், நடந்தது ஆகிய மூன்றையும் குறித்து வைத்துச் சொல்வது நலம். 'அவள் மோசமானவள்' என்பது கருத்து. 'திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு இரண்டாவது கதவு பூட்டப்படாமல் இருந்தது' என்பது செய்தி. மேலாளருக்குத் தேவை செய்தியே.

பொறுக்கக் கூடாதவை

'பெண்ணுக்குப் பொறுமை வேண்டும்' என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். பொறுமை நல்ல அணிகலன்தான். ஆயினும் பொறுக்கக் கூடாதவை இரண்டு உள்ளன.

ஒன்று, பிறர் உயிரோடு விளையாடும் அலட்சியம். தோழி செய்தாலும், மேலதிகாரியே சொன்னாலும் அதை உடனே தெரிவிக்க வேண்டும். இது கோள் சொல்வது ஆகாது. பிறரைக் கீழே தள்ளச் சொல்வது கோள். பிறர் விழாமல் காக்கச் சொல்வது கடமை.

மற்றொன்று, பெண் என்பதால் நம்மிடம் காட்டும் தகாத நடத்தை. ஆபாசப் பேச்சு, வேண்டாத தொடுகை, இணங்கினால் வேலை என்னும் மிரட்டல் ஆகியவை 'ஒத்துப்போக' வேண்டிய குணக்கேடுகள் அல்ல, சட்டப்படி குற்றங்கள். நம் நாட்டில் இதற்கென 2013-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதன் தலைவர் மூத்த பெண் பணியாளராக இருக்க வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்திற்குள் எழுத்து மூலம் புகார் தரலாம். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் பணிபுரிவோர் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் செல்லலாம். தற்காலிகப் பணியாளர், தினக்கூலி பெறுபவர், பயிற்சிக்கு வந்த மாணவியர் ஆகிய அனைவருக்கும் இச்சட்டம் துணை நிற்கிறது. விடுமுறை வேலைக்கு வந்த பெண்தானே என்று யாரும் தட்டிக் கழிக்க முடியாது. உடனடி உதவிக்குப் பெண்களுக்கு 181 என்ற எண்ணும், பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு 1098 என்ற எண்ணும் உள்ளன.

பெற்றோருக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். மகள் வேலையிடத்துத் தொல்லையைச் சொல்லும்போது, "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்டால் அடுத்த முறை அவள் சொல்லமாட்டாள். "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டால் முழுவதையும் சொல்வாள்.

கண்ணாடியில் ஒரு பார்வை

இவ்வளவும் படித்தபின் நம் உள்ளத்தில் இரண்டொரு முகங்கள் தோன்றியிருக்கும். 'ஆம், அவள் இந்த வகை' என்று நாம் எண்ணியிருப்போம். பிறர் உள்ளத்தில் நம் முகம் தோன்றாதா? ஒவ்வொரு பணியிடத்திலும் யாரோ ஒருவருக்கு நாமே இடக்கான உடன்பணியாளர். 'இன்று என் முறைக்கு நேரத்தோடு வந்தேனா? அறிந்ததை அடுத்தவருக்குச் சொன்னேனா? நன்றி சொன்னேனா?' என்ற மூன்று கேள்விகளை நாள்தோறும் நம்மை நாமே கேட்டுக் கொண்டால் பல சண்டைகள் முளையிலேயே கருகிவிடும்.

இப்பழக்கத்தைத் தொடங்க வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அறிவியல் கண்காட்சியில் ஒரே மேசையில் நிற்கும்போதும், விளையாட்டு விழாவில் அணியாக ஓடும்போதும், வகுப்பறையை முறை வைத்துப் பெருக்கும்போதும் பிடிக்காதவரோடு பணிப்பேச்சைத் தொடரக் கற்கலாம்.

முடிவாக ஒரு நிகழ்ச்சி. 2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் ஜப்பானைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியபோது, டோக்கியோ டிஸ்னி பூங்காக்களில் ஏறத்தாழ 70,000 பேர் இருந்தனர். பணியாளர் பலரும் பகுதிநேர வேலைக்கு வந்த இளையோர். கடைகளில் விற்பனைக்கு இருந்த மென்பொம்மைகளை எடுத்து, தலையைக் காத்துக் கொள்ளுங்கள் என்று மக்களுக்குக் கொடுத்தார்கள். வீடு திரும்ப இயலாத ஏறத்தாழ 20,000 பேருக்கு அன்றிரவு முழுவதும் துணையிருந்தார்கள். அந்த இளையோரிடையே முந்திய நாள்வரை சிறு மனத்தாங்கல்கள் இருந்திராது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் நிலம் அதிர்ந்த வேளையில் முதலில் எது, பிறகு எது என்பது எல்லாருக்கும் ஒன்றாகவே தெரிந்திருந்தது.

எல்லாரையும் நேசிக்க நம்மால் இயலாமல் போகலாம். எல்லாரோடும் நேர்மையாகப் பணிபுரிய நம்மால் இயலும். நம்மை நம்பி வண்டியில் ஏறி அமரும் ஒரு குழந்தைக்கு நாம் அளிக்கக் கூடிய மெய்யான புன்னகை அதுவே.